டாலர் ஓடும் ஜரிகை

காஞ்சிப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெருமைதான். புடவையைப் பிரித்துப் பார்த்தால் பட்டுநூல் கர்நாடகம், ஜரிகை பெரும்பாலும் சூரத்து. அதிலுள்ள வெள்ளிக்கும் தங்கத்துக்கும் விலை பேசுவது லண்டன், அதுவும் டாலரில். ரூபாய் சறுக்கினால் காஞ்சி நெசவாளர்களின் பிள்ளையார்பாளையத்தில் ஜரிகை மார்க்கு விலை ஏறும். (ஒரு மார்க்கு 242 கிராம், நெசவாளர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும்.)

ரூபாய் விழுந்தால் வியாபாரம் செழிக்கும் என்பது பாடப்புத்தகம். வாஸ்தவம், அமெரிக்காவிலிருந்து வந்த மாமிக்கு காஞ்சியின் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் எல்லாமே மலிவு. உள்ளூர்க் கல்யாண வீடுதான் முந்தானையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறது.

2024 ஜூலையில் தங்கத்தின் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆனது. தறிக்குழிக்குச் சேதி எட்டுவதற்குள் தங்கமே மலையேறிவிட்டது. நெசவுக் கூலிக்கு மட்டும் டாலரோடு இன்னும் அறிமுகமே ஆகவில்லை.