ஒன்றுமில்லாதவற்றின் வகைகள்

இணையச் செயலிகள் தமக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்தும் ஜேசான் என்னும் வடிவம், எண், எழுத்துச் சரம், பட்டியல் போன்றவற்றோடு, மதிப்பே இல்லை என்பதையும் ஒரு மதிப்பாக ஏற்று, அதற்கு நல் என்று பெயரிட்டிருக்கிறது. இதன் பயனாக, ஒன்றுமில்லை என்பதை நிரலர் நான்கு விதமாகச் சொல்லலாம். மொய் எழுத அமர்ந்தவருக்கு இது புதிதன்று: கல்யாணத்துக்கே வராதவர், வந்து வெறுங்கையோடு பந்தியில் அமர்ந்தவர், பணம் வைக்காத கவரை நீட்டியவர், கவருக்குள் 'ஒன்றுமில்லை' என்ற சீட்டை வைத்து ஒட்டித் தந்தவர் ஆகிய நால்வரையும் அவர் ஒரே கணக்கில் சேர்க்கமாட்டார். ஜேசானில் இவர்கள் முறையே அனுப்பப்படாத புலம், நல், வெற்றுப் பட்டியல், நல்லை மட்டும் கொண்ட பட்டியல் எனப்படுவர்.

நான்காமவரே ஆபத்தானவர் என்பது ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் ஃபிரேம்வொர்க்கில், அதாவது வலைச் செயலிகளை எழுதுவதற்கான ஆயத்தக் கட்டமைப்பில், 2012இல் வெளிப்பட்டது. ரெயில்ஸ், வந்த ஜேசானைப் பகுத்து, நல்லை ரூபி மொழியின் நில்லாக மாற்றி நிரலிடம் ஒப்படைக்கிறது. கடவுச்சொல்லை மாற்றக் கோருபவர் காட்டவேண்டிய ஒருமுறைச் சாவியாகிய டோக்கன் நில்லாக இருந்தால் மறுத்துவிடு என்று எழுதப்பட்ட காவல் வரி, நில்லை வயிற்றில் வைத்திருக்கும் பட்டியலைக் கண்டதும், பட்டியல் வேறு, நில் வேறு என்னும் பிழையற்ற தர்க்கத்தின்படி வழிவிட்டது. தரவுத்தளத்தில் தேடும் ரெயில்ஸின் பகுதியோ அதே பட்டியலைப் பிரித்துப் பார்த்து, டோக்கன் இல்லாத பயனரைத் தேடிக் கொடுக்க, அவருடைய கடவுச்சொல்லைத் திருடன் மாற்ற வழி பிறந்தது. கடவுச்சொல்லை மறக்காததால் டோக்கனே கேட்டிராத, அதாவது ஒழுங்காக நடந்துகொண்ட ஒருவரே இவ்வாறு அகப்பட்டார் என்பது இம்முறையின் தனிச்சிறப்பு.

இதற்கு மருந்தாக வந்த டீப் மஞ்ச் என்ற துப்புரவுச் செயல்கூறு, எத்தனை அடுக்கு ஆழத்தில் இருந்தாலும் பட்டியல்களைத் துழாவி நில்களைக் களைந்து, மிஞ்சியது ஒன்றுமில்லையென்றால் பட்டியலையே நில்லாக்கியது. குற்றமற்ற வெற்றுப் பட்டியலும் இதில் சிக்கியதால், ஒரு பதிவின் குறிச்சொற்களை எல்லாம் நீக்க விரும்பி வெற்றுப் பட்டியலை அனுப்பிய பயனர், குறிச்சொற்களைப் பற்றி வாயே திறக்காதவராகக் கருதப்பட்டு, நீக்கியவை மறுபடியும் முளைப்பதைக் காண நேர்ந்தது. 2014இல் 4.1 பதிப்பு இத்துப்புரவை அணைக்கும் அமைப்பைத் தந்தது. அணைத்தால் பழைய ஓட்டை திறந்துகொள்ளும் என்பதால், திருடனுக்கும் அது வசதியே. வெற்றுப் பட்டியலுக்கு விடுதலை 2016இல், ஐந்தாம் பதிப்பில்தான் கிடைத்தது.

அதே 2014இல் வெளியான ஆர்.எஃப்.சி. 7396 என்னும் இணைய நெறி, ஓர் ஆவணத்தைத் திருத்த அனுப்பும் ஜேசானில் நல் இருந்தால் அப்புலத்தை அழித்துவிட வேண்டும் என்று விதித்தது. ஓரிடத்தில் களையப்படும் குப்பை மற்றோரிடத்தில் கட்டளையாகிவிட்டதால், நல்லையே மதிப்பாகப் பதிய விரும்புவோருக்கு அந்நெறி ஏற்றதன்று. இதை நெறியே ஒப்புக்கொள்கிறது.

டீப் மஞ்ச் இன்றும் இயல்பாக இயங்கிக்கொண்டே, பட்டியலின் நடுவே வரும் நில்களைக் களைந்துவருகிறது. ஆகவே மூன்று மாணவரின் மதிப்பெண்களை 72, நல், 85 என்று வரிசையாக அனுப்பும் செயலியிடமிருந்து ரெயில்ஸ் பெறுவது 72, 85 என்ற பட்டியலே. தேர்வுக்கே வராத இரண்டாம் மாணவர் 85 பெற்றுத் தேறிவிட, எழுதிய மூன்றாமவரோ வராதவராகிறார்.