பெட்டி தெரிபடலம்: தெமட்டகொடைப் பத்தடி ஹோல் பற்றிய ஓர் ஆய்வு

படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் ஒரே சோடி ஸ்பீக்கர் பெட்டி போதுமா என்ற வினாவைத் தமிழ் அறிவுலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. பத்துப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியரே இவ்விடயத்தில் வாய் திறக்கவில்லை என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன? அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வுக் களம் தெமட்டகொடை, ரயில் எஞ்சின் ஷெட் மதிலுக்கு இந்தப் பக்கம், மேல்வீடு, பத்தடிக்குப் பன்னிரண்டடி ஹோல். ஆய்வுக்கு உதவியவர் அம்மா. இடையூறு செய்தவரும் அவரே.

முதலில் சொல்லாராய்ச்சி. அது இல்லாத ஆய்வை ஒருவரும் மதிப்பதில்லை. சிங்களத்தில் ‘தெமட்ட’ குமிழ் இனத்து மரம்; ‘கொட’ மேட்டுநிலம். ஆகவே தெமட்டகொடை குமிழமேடு. இனிப் பெரும்பாணாற்றுப்படைக்கு வாருங்கள். அதிலே மாடு மேய்க்கும் இடையன் ஒருவன் குழல் ஊதி அலுத்துப்போய், உள்ளே துளையுள்ள குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் வாசிக்கிறான். கையோடு கொண்டு போகலாம். வயர் கிடையாது. உள்ளே கூடாக இருப்பதால் ஒலி திரண்டு வரும். இருக்கிற கருவி அலுத்துப் புதுக்கருவிக்கு மாறும் ஆசையும் அங்கேயே பதிவாகிவிட்டது. அடக்கமான இசைப்பெட்டிக்கு மூலப்பொருள் எங்கள் ஊர் மரம் என்பது இதனால் பெறப்படும். அந்தக் குமிழும் இந்தத் தெமட்டவும் ஒன்றா, ஒன்றுவிட்ட சகோதரமா என்று தாவரவியல்காரர் கேட்பார்கள். கேட்கட்டும்.

அடுத்து, நான் ஏமாந்த வரலாறு. சில வருடங்களுக்கு முன் புறக்கோட்டையில் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) ஐந்து சின்னப் பெட்டியும் ஒரு வூஃபரும் கொண்ட செட் ஒன்று வாங்கினேன். அட்டைப் பெட்டியில் நெருப்பு எழுத்தில் 12,000 வோட்ஸ் என்று போட்டிருந்தது. பக்கத்திலே எறும்பு எழுத்தில் பி.எம்.பி.ஓ. வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு வரும் மின்சாரம் 30 அம்பியர், 230 வோல்ட். பெருக்கினால் 6,900 வோட்ஸ். அதாவது அந்தப் பெட்டி சொல்வது உண்மையானால், எங்கள் லைனையும் கீழ்வீட்டு லைனையும் சேர்த்துக் கட்டினால்தான் பல்லவியே தொடங்கும். பெட்டியின் முதுகைத் திருப்பினேன். அங்கே ஒட்டியிருந்த தகட்டில் மின்நுகர்வு 60 வோட்ஸ் என்று அடக்கமாக எழுதியிருந்தது. நெஞ்சில் ஒன்று முதுகில் ஒன்று. பி.எம்.பி.ஓ. என்பதை அளக்கப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. போடுகிறவர் மனம்போல் போடலாம். ஆர்.எம்.எஸ். என்று எழுதியிருப்பதை மட்டும் வாசிக்க வேண்டும். அதிலும் வோட்ஸை இரட்டித்தால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரட்டைச் சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வோட்ஸ் வேண்டும். பத்தடி ஹோலுக்கு நல்ல முப்பது வோட்ஸே கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

இனி அந்த ஐந்தையும் ஒன்றையும் பற்றி. ஐந்து பெட்டி, ஒரு வூஃபர் என்ற ஏற்பாட்டைக் கொண்ட டொல்பி டிஜிட்டல் 1992 இல் ‘பேட்மன் ரிட்டர்ன்ஸ்’ படத்தில் அரங்கேறியது. ‘ஐந்து புள்ளி ஒன்று’ என்பதில் வரும் அந்தப் ‘புள்ளி ஒன்று’ முழு ஒலித்தடம் அல்ல. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள இடி, வெடி, பூகம்பம் ஆகியவற்றுக்கு மட்டும் ஒதுக்கிய தனித்தடம். தமிழ் மரபில் இதற்கு இடம் உண்டா என்றால், உண்டு. ஐந்து பெட்டியும் அன்பின் ஐந்திணை. மற்ற எதோடும் பொருந்தாமல் மூலையில் கிடந்து தன்பாட்டுக்கு முக்கி முனகும் வூஃபர் பெருந்திணை. பின்சுவர்ப் பெட்டி இரண்டில் ஒன்றின் வயரை எலி அறுத்த பிறகு எஞ்சியது கைக்கிளை. எழுதிணையும் நிறைந்தது.

ஆனால் படம் விளங்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹோலில் நடக்கும் காட்சி இது. கதாநாயகன் வாயைத் திறப்பான். அம்மா, “என்னடா சொல்றான்? கொஞ்சம் கூட்டு” என்பார். கூட்டுவேன். உடனே ஒரு கார் வெடிக்கும். “குறை, குறை! கீழ்வீட்டு ஆக்கள் என்ன நினைப்பாங்க!” குறைப்பேன். கதாநாயகி அழுதுகொண்டே ஏதோ முக்கியமான உண்மையைச் சொல்வாள். “என்னடா சொல்றாள்?” ஒரு படத்துக்கு இது நாற்பது முறை நடக்கும். ரிமோட்டில் ‘வொல்யூம்’ எழுத்தே அழிந்துவிட்டது. காரணம் இதுதான்: வசனத்தின் பெரும்பகுதி நடுப்பெட்டியில் வரும். செட்டோடு வந்த நடுப்பெட்டியோ சவர்க்காரக் கட்டி அளவு. வெடி மட்டும் ஆனை அளவு வூஃபரில்.

பாட்டுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். மூன்று அங்குலக் கூம்புள்ள குட்டிப் பெட்டியால் சுமார் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க முடியாது. ஆண்குரலின் அடித்தளம் கிட்டத்தட்ட 85 முதல் 155 ஹெர்ட்ஸ். அப்போ அந்த அடித்தளம் எங்கே போகும்? வூஃபருக்குப் போகும். எங்கள் வூஃபர் இருந்தது செட்டிக்கு அடியில். டி. எம். சௌந்தரராஜன் பாடினால் தொண்டை ரீவிக்குப் பக்கத்திலும் நெஞ்சு செட்டிக்குக் கீழேயும் கேட்டது. அம்மா காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டார். அவர் இலங்கை வானொலியில் வளர்ந்தவர்; மரப்பெட்டி ஒன்று, ஸ்பீக்கர் ஒன்று, அதில் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் முழு ஆளாக வந்து நிற்கும். ஒரு பெட்டிக்குள் முழுசாக இருந்த மனிதரை ஆறு பெட்டியில் துண்டு போட்டு விற்றதற்கு நான் காசும் கொடுத்திருக்கிறேன்.

இவ்விடத்தில் ஒரு மேற்கோள் வரலாறு. 1931 இல் ஆங்கிலப் பொறியியலாளர் அலன் புளூம்லைன் தன் வருங்கால மனைவியோடு படம் பார்க்கப் போனாராம். திரையில் நடிகர் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடக்கிறார், குரல் மட்டும் ஒரே ஸ்பீக்கரில் நிற்கிறது. இதைச் சரிசெய்ய எனக்கு வழி தெரியும் என்று அவரிடம் சொன்னாராம். அந்த வருடம் டிசம்பரிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஸ்டீரியோ பிறந்த கதை இதுதான். பாட்டுக்காரர் தங்கள் சொத்து என்று நினைக்கிற இரட்டைப் பெட்டி, உண்மையில் படக்கொட்டகையில் பிறந்த பிள்ளை. ஆகவே படத்துக்கு வேறு பெட்டி பாட்டுக்கு வேறு பெட்டி என்று பிரிப்பது, வெள்ளவத்தை சவோய் தியேட்டரில் படத்துக்கு ஒரு டிக்கெட்டும் அதில் வரும் பாட்டுக்கு இன்னொரு டிக்கெட்டும் கேட்பதற்குச் சமம். இரண்டு நல்ல பெட்டி சரியாக நின்றால், ஐந்துக்கான ஒலித்தடத்தை ரீவியோ அம்பிளிஃபயரோ இரண்டாக மடித்துக் கொடுக்கும். நடுவசனம் இரண்டிலும் சமமாகப் பங்கிடப்பட்டு, இல்லாத நடுப்பெட்டியிலிருந்து வருவதுபோலக் கேட்கும்.

நல்ல பெட்டி எவ்வளவு சின்னதாக இருக்கலாம்? கே.எல்.எச். கம்பனியின் ‘எச்’சாகிய ஹொஃப்மன் இதற்கு ஒரு விதி வைத்தார்: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் நிறையச் சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் பெறலாம். கல்யாணத் தரகரிடம் நாம் கேள்விப்பட்ட விதிதான், இவர் சமன்பாட்டில் எழுதினார். 1970களில் பி.பி.சி. ஒலிபரப்பு வேனுக்குள் வைத்துக் கேட்க எல்.எஸ்.3/5ஏ என்று ஒரு பெட்டி செய்தது. உயரம் ஏறக்குறைய ஒரு அடி. ஆழமான பேஸை விட்டுக்கொடுத்தார்கள், பேச்சுக்குரலை விட்டுக்கொடுக்கவில்லை. இன்னும் அதைத் தேடி வாங்குகிறார்கள். வேன் ஒன்றும் எங்கள் ஹோலைவிடப் பெரிதல்ல. எனவே ஐந்து அங்குலக் கூம்பும் மேலே ஒரு ட்வீட்டரும் உள்ள ‘புக்ஷெல்ஃப்’ பெட்டி இரண்டு, இதுதான் என் கருதுகோள்.

அப்போ வெடி? படத்தில் கார் வெடித்தால் நெஞ்சில் இடிக்க வேண்டாமா? இக்கேள்விக்கு இந்த ஆய்வு கண்ட விடை முற்றிலும் புதியது. எங்கள் மதிலுக்கு அப்பால் ஷெட்டில் எம்2 எஞ்சின்கள் வந்து நிற்கும். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்தவை. முதலில் வந்தது 1954 இல். ஒன்டாரியோ, அல்பர்ட்டா என்று மாகாணப் பெயர்கள் வைத்தார்கள். 12 சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 275 சுற்று. டூ-ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை வெடிக்கும். 275ஐப் பன்னிரண்டால் பெருக்கி 60ஆல் வகுத்தால் செக்கனுக்கு 55 வெடி, அதாவது 55 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் ‘ஏ’ தந்தியும் இதே 55. இனி எங்கள் ஹோல். கொழும்பு வெக்கையில் ஒலி செக்கனுக்குச் சுமார் 347 மீற்றர் ஓடும். பத்தடி தூரத்தில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவருக்கிடையே அரை அலை அடங்கினால் சுவர்கள் சேர்ந்து முழங்கும். கணக்குப் போட்டால் 57 ஹெர்ட்ஸ். 55க்கும் 57க்கும் என்ன தூரம்? கனடாக்காரர் 1954 இலேயே எங்கள் ஹோலுக்குச் சுருதி சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். சாமத்தில் எஞ்சின் நின்று உறுமினால் ஷோகேஸ் கண்ணாடியும் அதற்குள் இருக்கும் பீங்கான் வாத்துகளும் கூடவே பாடும். 2007 இல் உச்ச நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிகளுக்குப் போட்ட கட்டுப்பாடு டீசல் எஞ்சினைத் தொடாது. இப்படி ஒரு வூஃபர் மதிலுக்கு அப்பால் இலவசமாக நிற்க, காசு கொடுத்து இன்னொன்று வாங்குவது விரயம். தவிர, இந்த ஹோலில் பேஸ் கூடின பெட்டி எதை வைத்தாலும் அந்த 57ஐச் சுவரே இரட்டித்துக் கொடுத்துவிடும்.

கருதுகோளோடு மறுபடியும் புறக்கோட்டைக்கு, முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனேன். கடையிலிருந்த நானா வழக்கம்போல ஆளுயர வூஃபரைத் தட்டிக் காட்டினார்.

“இத எடுங்க தம்பி. போட்டா ஊடே குலுங்கும்.”

“எங்க வீடு ஏற்கெனவே குலுங்குது நானா. பின்னால எஞ்சின் ஷெட்.”

அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்துவிட்டு, உள்ளே தூசி பிடித்துக் கிடந்த ஒரு சோடியை எடுத்து வந்தார். தட்டிப் பார்த்தேன், பலகை கணகணக்கவில்லை, மொத்தென்றது. நல்ல அறிகுறி. போனில் ஒரு பழைய மோனோ பாட்டைப் போட்டேன். இந்தச் சோதனையை எவரும் செய்யலாம்: பழைய பாட்டில் இடம் வலம் கிடையாது, ஆகவே குரல் இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில் ஆணியடித்த மாதிரி நிற்க வேண்டும். அலைந்தால் ஒன்றில் பெட்டி பிழை அல்லது வயர் மாறியிருக்கிறது. அலைந்தது. நானா ஒரு பெட்டியின் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றிச் செருகினார். குரல் நடுவுக்கு வந்து நின்றது. அடுத்து நாதஸ்வரமும் தவிலும். சீவாளி காதைக் கீறாமல், தவிலின் தொப்பி வீங்காமல் வந்தது. பேரம் பேசியதை இங்கே பதிவு செய்யவில்லை. அதில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

வீட்டில் நிறுத்துவது தனிப்போராட்டம். ஷோகேஸுக்குள் வைக்கச் சொன்னார் அம்மா. கூடாது, கண்ணாடி அதிரும், பெட்டியின் முதுகிலுள்ள துளைக்கு மூச்சு வேண்டும் என்றேன். வாத்துகளுக்கு இருக்கிற மூச்சு போதாதா என்றார். கடைசியில் ரீவிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்டூல், சுவரிலிருந்து ஒரு முழம், ட்வீட்டர் கதிரையில் இருப்பவர் காது மட்டத்தில். இரண்டு பெட்டியும் கதிரையும் சேர்ந்து முக்கோணம். பின்சுவரில் கைக்கிளை இருந்த இடத்துக்குச் சாமிப்படம் திரும்பி வந்தது.

இறுதிச் சோதனைக்கு அம்மாவைக் கதிரையில் இருத்த முடியவில்லை. மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அதுவும் நல்லதே: பெட்டி நல்லதென்றால் குரல் குசினிவரை குரலாகவே போக வேண்டும். படம் ஒன்றைப் போட்டேன். வசனக் காட்சி. “என்னடா சொல்றான்?” என்ற கேள்வி வருமென்று ரிமோட்டோடு காத்திருந்தேன். வரவில்லை. பத்து நிமிடம் போனது. உள்ளேயிருந்து, “பொய் சொல்றான் பாரு” என்று கதாநாயகனைத் திட்டும் சத்தம் மட்டும் வந்தது. எனக்கு மெய்சிலிர்த்தது. படத்தை நிறுத்தி, அம்பிளிஃபயரையும் அணைத்துவிட்டு, முடிவுகளைக் குறிக்கக் கொப்பியை எடுத்தேன்.

“டேய், படம் நல்லாத்தான் கேக்குது. அந்தப் பேஸை மட்டும் கொஞ்சம் குறை” என்றார் அம்மா.

வாத்துகள் பாடிக்கொண்டிருந்தன. நான் யன்னலைத் திறந்து, ரிமோட்டை ஷெட் பக்கம் நீட்டி அமத்தினேன்.