செவரு என்னலே பாவம் பண்ணிச்சு?

ஏலே, வாஷ்பேசினுக்குப் பின்னால செவரு பொரிஞ்சு போச்சுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க. ஒருத்தன் கண்ணாடி பதிங்கான். ஒருத்தன் பிவிசி பலகை ஒட்டுங்கான். இன்னொருத்தன் தண்ணி ஏறாத பெயின்டுன்னு டப்பாவத் தூக்கிட்டு நிக்கான். எல்லாரும் செவத்தையே பாக்காவ. குழாயத் தொறந்து பாத்தவன் ஒருத்தன் உண்டா?

தொறலே. தண்ணி எங்க விழுது? ஓட்டைக்குப் பக்கத்துல விழுந்தா அடங்கி உள்ள போவும். சரிவுல விழுந்தா எகிறத்தான செய்யும்? உன் பேசின் லட்சணத்தத்தான் பாத்தேனே. பழைய பேசினுக்கு விளிம்பே தரையிலேருந்து 32 அங்குலம். நீ கிரானைட்டுப் பலகையவே அந்த உசரத்துல போட்டு, அதுக்கு மேல 5 அங்குலத்துக்குக் கிண்ணத்த வேற தூக்கி வச்சிருக்க. உன் மவன் நுனிக்கால்ல நின்னு கை நீட்டுதான், தண்ணி முழங்கை வழியா வடிஞ்சு பலகையெல்லாம் குளமா நிக்கி. அதுக்குத் தோதா நெட்டைக் குழாய். அம்புட்டு உசரத்துலேருந்து ஆழமில்லாத கிண்ணத்துல விழுத தண்ணி, கும்பிடு போட்டுட்டா உள்ள போவும்?

குழாய் மூக்குல சின்ன வலை ஒண்ணு இருக்கும், ஏரேட்டர்னு சொல்லுவாவ. காத்தக் கலந்து தண்ணிய மெத்துன்னு விடுதது அதுதான். நம்ம உப்புத் தண்ணிக்கு அது அடைச்சுக்கிட்டா கோணக்கோணப் பீச்சும். கழட்டி எலுமிச்சஞ்சாத்துல ஊறப்போடு, பழைய பல்லு பிரஷ்ஷால தேச்சு மாட்டு. அடியில இருக்க ஆங்கிள் வால்வக் கொஞ்சம் திருகி வேகத்தக் கொற. பாதி தெறிப்பு இதுலயே போயிரும். செலவு ஒரு எலுமிச்சம்பழம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், நீ செவத்தக் கொற சொல்லுத.

அப்புறம் நீ மொகம் கழுவுத அழகு! கைநெறைய அள்ளி வீசுத, தலையச் சிலுப்புத, கைய ஒதறுத. அது மொகம் கழுவுததா, எருமையக் குளிப்பாட்டுததா?

சரி, அதுக்குப் பொறவும் நாலு சொட்டு தெறிக்கும். டைல்ஸ் ஒட்டு, வேண்டாங்கல. 12-க்கு 18 டைல்ஸ நட்டமா ஒரு வரிசை போட்டா ஒண்ணரை அடி. பேசினுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அரை அடி தள்ளி நிறுத்து. போதும்டே. கடைக்காரன் மார்பிளக் காட்டுவான். அது தண்ணியக் குடிக்கும், எலுமிச்சஞ்சாறு பட்டாலே பளபளப்பு போயிரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா?

பொரிஞ்ச பெயின்டு மேலயே ஒட்டிராத. பெயின்டு, பட்டி ரெண்டையும் சொரண்டி, சிமிட்டிப் பூச்சு தெரியுத மட்டும் எடு. உள்ள ஈரம் நின்னா, செங்கல்லுலயும் சிமிட்டியிலயும் இருக்க உப்பு கரைஞ்சு வெளிய வந்து வெள்ளையாப் பூக்கும். மேல எத்தன கோட் அடிச்சாலும் தள்ளிக்கிட்டு வரும். அதனால பேசினப் பொழங்காம அஞ்சு நாளு காயப் போடு. குழாய்க்கு வார தண்ணிய மட்டும் அடைக்காத. செவரு காஞ்சு வந்தா பேசின்ல பொழங்குத தண்ணிதான் காரணம். காயவே மாட்டேங்குதா, உள்ள குழாய் கசிஞ்சாலும் கசியும். அதுக்கு மேல டைல்ஸ் ஒட்டுதவன் காசுக்கு வழி தேடுதான், அம்புட்டுதான்.

இன்னொண்ணு, பேசினும் செவரும் சேருத இடம். பிளம்பர் வெள்ளைச் சிமிட்டிய அப்பிட்டுப் போயிருவான். பேசின் லேசா அசைஞ்சாலே அது கீறிக்கும். செவத்துல தெறிக்குத தண்ணிய விட இந்தக் கீறல்ல எறங்குத தண்ணிதான் திருட்டுப்பய. பழச நோண்டி எடுத்து, ஈரமில்லாமத் தொடச்சு, மேலயும் கீழயும் டேப் ஒட்டி, சிலிகான ஒரே இழுப்பா இழு. வெரல சோப்புத் தண்ணியில தொட்டு நீவு. ஒரு நாப்பூரா தண்ணி படக்கூடாது. சிலதுல புளிச்ச காடி வாடை அடிக்கும். கெட்டுப்போச்சுன்னு கடைக்காரன்ட்ட சண்டைக்குப் போயிராத, அது காயுத வாடை.

என்னலே முழிக்க? ஆங்கிள் வால்வு எங்க இருக்குன்னா? குனிஞ்சு பாருலே. அந்த வீட்டுக்கு மாசாமாசம் கடன் கட்டுதது நீதான?