மணி பத்து ஆச்சு, துரியோதனா!

குதிரைக்கு வேட்டி கட்டி அழகு பார்த்த அரசு நம்முடையது. 2022இல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, குதிரைத் தலையும் மனித உடம்புமாய், வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாய்க் கைகூப்பி நின்றாரே 'தம்பி', அவரைத்தான் சொல்கிறேன். அவர் நிற்காத முச்சந்தி இல்லை, ஒட்டாத பேருந்து இல்லை. அவர் வருகிறார் என்று நேப்பியர் பாலமே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டுக்கொண்டது. விலங்கு முகம் போட்ட ஒருவருக்கு இந்த மண்ணில் இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் புல்லரித்தது. கொஞ்ச நேரத்தில் அது வயிற்றெரிச்சலாகவும் மாறியது.

ஏனென்றால் இதே நாட்டில் குதிரையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடுகிற மனிதன் ஒருவன் இருக்கிறான். பொய்க்கால் குதிரைக்காரன். மரக்காலில் ஏறி நின்று, குதிரைக்கூட்டைத் தோளில் தாங்கி, தலைவர் வருகிற வழியில் வெயிலில் காத்திருப்பான். தலைவர் மூன்று மணி நேரம் தாமதமாக வருவார். மரக்காலோடு உட்கார முடியாது. அவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்சம் உட்காரலாம் என்றால், "வண்டி வந்துட்டுது, ஏறு ஏறு" என்று எவனாவது கத்துவான். கார்க் கண்ணாடிகூட இறங்காமல் ஊர்வலம் பறந்துவிடும். கூலி கேட்டால், "நாளைக்கு வந்து பாரு." தம்பி செய்த புண்ணியம் ஒன்றே ஒன்றுதான்: அவர் வயிறு இல்லாமல் பிறந்தார்.

விலங்குத் தலைக்கு மாமல்லபுரக் கடற்கரையில் மதிப்பு இருப்பது புதிதல்ல. பல்லவன் செதுக்கிய மகிஷாசுரமர்த்தினி குகையில் எருமைத் தலையோடு கதாயுதம் தாங்கி நிற்கிறான் மகிஷன். வராக மண்டபத்தில் பன்றி முகத்தோடு பூமிதேவியைத் தாங்கி நிற்கிறார் பெருமாள். சாளுவன்குப்பத்தில் ஒரு மேடையைச் சுற்றி யாளித் தலைகள் வாய்பிளந்து நிற்கின்றன. 1984இல் யுனெஸ்கோ பட்டயமும் வந்துவிட்டது. கல் எருமைக்குக் கம்பிவேலி, காவலாளி, நுழைவுச்சீட்டு எல்லாம் உண்டு. கல் சோறு கேட்காது, வண்டிக்கூலி கேட்காது, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவேண்டும் என்று முன்பணம் கேட்காது. அதனால்தான் நமக்குக் கல் என்றால் உயிர்.

மரத்துக்கு ஆள் வேண்டும். மதுராந்தகம், செய்யூர்ப் பக்கம் ஆடுகிற தெருக்கூத்தில் ராஜா வேடத்துக்கு ஏறுகிற கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கையில் செதுக்கியவை. லேசான மரம், அதன்மேல் கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும் பளபளக்கும். அரிதாரம் பூசி முடித்தபின் ஒவ்வொரு கட்டையாகக் கயிறு போட்டு இழுத்துக் கட்டுவார்கள். கயிறு தளர்ந்தால் கிர்க்கி அடித்துச் சுழலும்போது கிரீடம் கூட்டத்துக்குள் பறக்கும். இறுகினால் விடியும்வரை நெற்றி தெறிக்கும். தெறித்தாலும் பரவாயில்லை என்று இறுக்கிக் கட்டச் சொல்கிறவன்தான் கூத்தாடி.

இரணியன் நாடகத்தில் நரசிங்க முகம் மாட்டுகிறவன் பாடு இன்னும் கடுமை. தஞ்சைப் பக்கம் மெலட்டூர் பாகவத மேளாவில் அந்த முகத்துக்குப் பூசை நடக்கிறது. மாட்டுகிறவர் விரதமிருக்கிறார். முகம் ஏறியதும் ஆவேசம் வந்து, அவரைப் பிடித்து நிறுத்தவே நாலு பேர் வேண்டும். நம் பக்கத்தில் நாலு பேர் தேவையில்லை. நரசிங்கத்தையே நிறுத்துகிற வல்லமை ஒரு ரோந்து வண்டிக்கு உண்டு.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் என்று ஒன்று இருக்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. பின்னால் திருத்தி, இசைக்கருவியும் கூடாது என்றார்கள். திருவிழா என்றால் மாநில அரசு மனது வைத்து நள்ளிரவு 12 மணி வரை விடலாம்; அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் போகக்கூடாது. கூத்தில் ஆடுகிற பாரதப் போரோ 18 நாள். மிச்சம் மூன்று நாளைக்குப் பாண்டவர்கள் யாரிடம் மனுக் கொடுப்பது? கட்டியக்காரன் வந்து ஊர்க்கதை பேசி முடித்து, துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து வெளிப்படவே பதினொன்று ஆகும். துகிலுரியும்போது நடுநிசி தாண்டும். அவனை வீழ்த்தும் படுகளம் மட்டும் பகலில் நடக்கிறது. ஆக, சட்டப்படி துரியோதனன் சாவதற்கு அனுமதி உண்டு, வாழ்வதற்குத்தான் இல்லை.

நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் தூங்க வேண்டாமா என்பார்கள். நன்றாகத் தூங்கட்டும். ஆனால் அதே விதியில் ஒரு சன்னல் திறந்திருக்கிறது: மூடிய அரங்கம், விருந்து மண்டபம் என்றால் இரவிலும் தடையில்லை. ஈசிஆர் சொகுசு விடுதிக்குள் விடிய விடியக் குதித்தால் அது கொண்டாட்டம்; அறுவடை முடிந்த வயலில் முகவீணை ஊதினால் அது மாசு. கூரை போட வசதி இல்லாதவனின் கலைக்குக் குற்றம் என்று பெயர். தலைவர் பிறந்தநாளன்று விடிகாலை ஐந்துக்கே குழாய் ஒலிபெருக்கி அலறுகிறதே, அப்போது இந்தச் சட்டம் எந்தக் கட்டிலில் குறட்டை விடுகிறது?

2019 அக்டோபர் 11 நினைவிருக்கிறதா? பிரதமர் வேட்டி கட்டி வந்து, சீன அதிபருக்கு அருச்சுனன் தபசுப் பாறையைச் சுற்றிக் காட்டினார். உலகமே பார்த்தது. அந்தப் பாறைக்கு மேற்கே, திரௌபதி அம்மன் கோயில் ஊர்களில் உயிருள்ள அருச்சுனன் நெடிய தபசு மரத்தில் ஏறுகிறான். மேலேயிருந்து அவன் எறிகிற எலுமிச்சம்பழத்துக்குப் பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் மடியேந்துகிறார்கள். அங்கே எந்த அதிபரையும் அழைத்துப் போனதில்லை. போகும் வழி நம் அதிகாரிகளுக்கே தெரியாது. பாறையில் ஒரு பூனையும் இருக்கிறது. கையை உயர்த்தித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். கலை வளர்க்கும் கூட்டங்களில் முன்வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூனை ஞாபகம்தான்.

அரசு ஒன்றுமே தரவில்லை என்று சொல்ல மாட்டேன். 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் வந்தது. மாவட்டந்தோறும் விருது கொடுக்கிறார்கள்: கலை இளமணி, கலை வளர்மணி, கலை சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி. ஐந்து மணி அரசு தருகிறது. ஆறாவது மணியைக் காவல் நிலையம் தருகிறது: மணி பத்து. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பங்குனி தொடங்கி ஆடி வரை ஓடுகிற கூத்துக்காலம் மொத்தமும் அடிபட்டது. ஆண்டு முழுக்க உலை வைக்கிற மாதங்கள் அவை. பெட்டிக்குள் கிடந்த கட்டையைப் பார்த்துக்கொண்டு கூத்தாடி கூலிவேலை தேடினான். முதுமணியை அடகுக்கடையில் எடுப்பார்களா என்ன?

செய்யவேண்டியது மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. கூத்துக்கு விலக்குக் கேட்டு டெல்லிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கடிதம் எழுதுவதில் நம் அரசுகளுக்கு இணை ஏது? வரவேற்புக்குக் கூப்பிட்டால் நிழலும் நாற்காலியும் கொடுங்கள், கூலியை ஆட்டத்துக்கு முன்பே கையில் வையுங்கள். எட்டு நிமிடத்தில் ஆடிவிட்டு இறங்கு என்று மேடையில் விரட்டாதீர்கள். மாவட்டத்துப் பெரிய அதிகாரி ஒருவர் ஒரே ஓர் இரவு தரையில் உட்கார்ந்து விடியும்வரை பார்க்கட்டும்.

அதில் ஒரு சங்கடம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். கட்டியக்காரன் ராஜாவையே கிண்டல் செய்பவன், அதிகாரியை விடமாட்டான். கூத்தாடி மரத்தைத் தலையில் வைத்துப் பிழைக்கிறான். மரத்தையே தலையாக வைத்துப் பிழைப்பவர்கள் யார் யார் என்று கட்டியக்காரன் பெயர் சொல்லிவிடுவான். அதற்குத்தான் பத்து மணிக்கு மைக்கை அணைக்கிறீர்கள் என்றால், அதை மட்டும் மாசுக் கட்டுப்பாடு என்று சொல்லாதீர்கள்.