கால்களைக் கையளிக்கும் இடம்

மட்டக்களப்பின் கல்வி அதிகாரிகளுக்குப் பணிவான ஒரு யோசனை. தரம் 5இல் பிள்ளை சேரும் நாளிலேயே இரண்டு கால்களையும் கழற்றி அலுவலகத்தில் வாங்கி வைத்துவிடுங்கள். பற்றுச்சீட்டுக் கொடுங்கள். புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கலாம்.

பகிடி இல்லை. அந்தக் கால்களால் இப்போது யாருக்கு என்ன பயன்? விடியற்காலை ரியூசன், பிறகு பள்ளிக்கூடம், அதன்பின் மேலதிக வகுப்பு, இரவில் மாதிரி வினாத்தாள். நேரசூசியில் உடற்பயிற்சிக்கும் ஒரு பாடவேளை உண்டு. அதைக் கணிதம் விழுங்கிவிட்டது, ஏப்பம்கூட விடவில்லை.

1999இல் நாடு முழுக்க வந்த ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம், முதலிரு வகுப்புகளில் விளையாட்டுக்கே முதலிடம் என்றது. தரம் 3, 4இல் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை மூன்றும் சமம். தரம் 5இல்தான் எழுத்துவேலைக்குக் கை ஓங்கியது. நம்மவர்கள் மூன்றாம் வகுப்பிலேயே வினாத்தாள் கட்டை நீட்டுகிறார்கள். பிள்ளைகள் தினமும் சராசரி 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேர்க்கத்தானே வேண்டும்? மின்விசிறி இல்லாத ரியூசன் கொட்டிலில் மூன்று மணிநேரம் வேர்க்கிறதே!

2009இல் வெளிவந்த இலினோய் பல்கலைக்கழக ஆய்வொன்றில், 20 நிமிடம் நடந்த பிறகு ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கவனமும் கூடியது, வாசிப்புச் சோதனையில் புள்ளியும் கூடியது. சரியாக நம் தரம் 5 பிள்ளைகளின் வயது. ஆனால் இதற்கு அமெரிக்கா வரை போகத் தேவையில்லை, வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரை போதும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத வயற்காரர், விடிய விடிய ஆடும் கூத்தின் பாட்டையும் வசனத்தையும் எப்படி மனதில் ஏற்றினார்? குந்தியிருந்தா? அண்ணாவியார் மத்தளம் அடிக்க, தாளக்கட்டுக்குக் கால் வைத்து, மாதக்கணக்கில் களரியில் பழகினார். பாட்டு மறந்தால் கால் எடுத்துக் கொடுக்கும்.

அந்தக் கூத்தைப் பேராசிரியர் மௌனகுரு சிறுவர் அரங்குக்கும் கொண்டுவந்தார். பாடசாலைகள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது, அமைச்சர் வந்தால் வாசலிலிருந்து மேடை வரை ஆடி அழைத்துப்போவதை. அன்றைக்கு மட்டும் கணிதம் பெருந்தன்மையோடு பாடவேளையை விட்டுக்கொடுக்கும்.

சுற்றாடல் பாடத்தில் கண்டலின் மூச்சுவேர் பற்றிக் கேள்வி. வாவி மதிலுக்கு அப்பால்தான். போய்ப் பார்த்துவரப் பத்து நிமிடம் வீணாகுமாம். பிள்ளை கீறிட்ட இடத்தை நிரப்புகிறது.

புனித மிக்கேல் கல்லூரிப் பையன்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய யேசுசபைத் துறவி இயூஜின் ஹேபர்ட், 1990 ஆகஸ்ட் 15இல் காணாமல் போனார். யுத்தம் நம்மிடமிருந்து பறித்தவர்களில் அவரும் ஒருவர். இப்போது யுத்தமில்லை, மைதானத்தைப் பறிப்பவர்கள் நாங்கள்தான். ஆண்டுக்கொருமுறை இல்ல விளையாட்டுப் போட்டிக்குத் திறப்போம். பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிற்க, பந்தலுக்குள் அதிதிகள் குளிர்பானத்தோடு தேகப்பயிற்சியின் அவசியம் பற்றி ஒன்றரை மணிநேரம் பேசுவார்கள்.

பரீட்சைக்குச் சில நாட்கள் இருக்கையில் ரியூசன் நடத்தக்கூடாதென்று பரீட்சைத் திணைக்களம் வருடாவருடம் தடை போடும். அந்தச் சில நாட்களிலாவது பிள்ளையை விளையாட விடுவார்கள் என்று நினைக்காதீர்கள். விழுந்து கையை முறித்துக்கொண்டால் யார் எழுதுவது?