கலுங்கு எந்த மட்டத்தில் இருக்கிறது?

கே: "ஏழு தலைமுறைக்குச் சொத்து வச்சிருக்காரு. அரசியலுக்கு வந்து திருடவா போறாரு?" என்று எங்கள் டீக்கடையில் ஒரு மில் முதலாளியைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் கருத்து? (பந்தல்குடி வாசகர்)

ப: நம் பக்கத்துக் கண்மாய்களையே நினைத்துப் பாருங்கள். மேல கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால்தான் கீழ கண்மாய்க்குத் தண்ணீர். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாகக் கலுங்கின்மேல் கல்லையும் மண்மூட்டையையும் அடுக்கி மட்டத்தை உயர்த்திவிட்டால், ஐப்பசி முழுக்கக் கொட்டினாலும் கீழே சொட்டு வராது. நிறைந்த கண்மாய் என்பதால் பாயும் என்று நம்பிவிட முடியாது. கலுங்கை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து டீ குடியுங்கள்.

கே: கலுங்கை இறக்கிவிட்ட பணக்காரர் எவராவது உண்டா, சும்மா பேச்சுக்குச் சொல்கிறீர்களா? (பாளையம்பட்டி)

ப: உண்டு. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பட்டிவீரன்பட்டிக்காரர், காப்பித் தோட்டக் குடும்பம். சென்னை பாண்டி பஜாரில் துணி எடுத்தவர்கள் அவர் பெயர் தாங்கிய கடைவீதியில்தான் எடுத்திருக்கிறீர்கள். 1920களின் கடைசியில் அவர் ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவரானார். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அன்று அந்த ஜில்லாதான். ஊருக்கு ஊர் பஸ் வரத் தொடங்கிய காலம். காசு கொடுத்தாலும் ஆதிதிராவிடரை ஏற்ற மாட்டோம் என்றார்கள் பஸ் முதலாளிகள். ஏற்றாத பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்றார் இவர். ஏற்றினார்கள்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. கமுதிக் கோயிலுக்குள் போனதற்காக நாடார்கள் மீது போட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்கள் தோற்றார்கள். அந்தச் சமூகத்திலேயே பிறந்து, அந்தக் காயத்தைக் கண்டு வளர்ந்த சௌந்தரபாண்டியன், தமக்கும் கீழே நிறுத்தப்பட்டவர்களுக்காகப் பஸ் கதவைத் திறக்க வைத்தார். எதிரே நின்றவர்களோ அவரைப் போன்ற முதலாளிகள். 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்கு அவரைத் தலைவராக்கியது சரியான மரியாதை. முதலாளி அரசியலுக்கு வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, இன்னொரு முதலாளியிடம் "முடியாது" என்று சொல்லியிருக்கிறாரா என்பதுதான்.

கே: மில்லை லாபத்தில் நடத்துபவர் மாவட்டத்தை நடத்த மாட்டாரா? (அருப்புக்கோட்டை)

ப: நஷ்டம் வந்த மில்லுக்குக் கதவடைப்பு உண்டு. மழை பொய்த்த நரிக்குடிக்கு எந்தக் கதவை அடைப்பார்?

கே: வியாபாரத்திலிருந்து டெல்லி வரை போன தமிழர்? (காரியாபட்டி)

ப: டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1928இல் சென்னையில் விநியோகத் தொழில் தொடங்கியவர். 1937இல் சென்னை சட்டசபை, பிறகு அரசியல் நிர்ணய சபை, அரசியல் சட்ட வரைவுக்குழு, 1956இல் நிதியமைச்சர். அடுத்து வந்தது முந்த்ரா விவகாரம். எல்.ஐ.சி., ஜனங்கள் கட்டிய பிரீமியப் பணத்திலிருந்து சுமார் ஒண்ணேகால் கோடி ரூபாய்க்கு ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளை வாங்கியிருந்தது. நாடாளுமன்றத்தில் போட்டு உடைத்தவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல, காங்கிரஸ் உறுப்பினரும் பிரதமர் நேருவின் மருமகனுமான ஃபெரோஸ் காந்தி. சாக்ளா கமிஷன் பகிரங்கமாக விசாரித்தது. செயலர் செய்தது என்று அமைச்சர் நழுவ முடியாது, அவரே பொறுப்பு என்றது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார்.

1962இல் நம் தெற்கே திருச்செந்தூரில் போட்டியே இல்லாமல் ஜெயித்துத் திரும்பவும் அமைச்சரானார். கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் சொந்தக் கடையில் கல்லாப்பெட்டிக்கு ஒருவர் பதில் சொன்னால் போதும். ஊர்ப் பணத்துக்கு ஒவ்வொரு ரூபாய்க்கும் நாலு பேர் பார்க்கப் பதில் சொல்ல வேண்டும்.

கே: பணக்காரர் நிஜமாகவே அரசியலுக்கு வந்திருக்கிறாரா, பொழுதுபோக்கா, எப்படிக் கண்டுபிடிப்பது? (ம. ரெட்டியபட்டி)

ப: தோற்ற மறுநாள் பாருங்கள். விற்பனையாளராக வேலை பார்த்து, 1978இல் சொந்தக் கடை திறந்த வசந்தகுமார் 2006இல் நாங்குநேரியில் ஜெயித்தார். 2011இல் அங்கேயே தோற்றார். 2014இல் கன்னியாகுமரியில் தோற்றார். 2016இல் மறுபடி நாங்குநேரி, 2019இல் கன்னியாகுமரி எம்.பி. கட்சி எதுவானாலும், தோற்ற ஊருக்குத் திரும்பி வந்தவரை நான் மதிக்கிறேன்.

கே: எங்கள் ஊர் முதலமைச்சரையே தந்த ஊர், தெரியுமா? (அருப்புக்கோட்டை)

ப: 1977இல் எம்.ஜி.ஆர். மறக்குமா? 1980இல் அவர் மதுரை மேற்குக்குப் போய்விட்டார். தொகுதி மாறும் வசதி தலைவர்களுக்கு உண்டு. நமக்கு அதே கரிசல், அதே கண்மாய்.

கே: நாங்கள் விருதுநகர் மாவட்டம், ஓட்டுப் போடுவதோ ராமநாதபுரம் எம்.பி.க்கு. "மில் கொண்டுவருவேன்" என்கிறவரை யாரிடம் பிடித்துக் கேட்பது? (திருச்சுழி)

ப: அவரையே, மேடையிலேயே. "அரசோடு உங்களுக்கு ஒப்பந்த வேலை எதுவும் இருக்கிறதா?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். எந்த அரசின் சபைக்குப் போட்டியிடுகிறாரோ அந்த அரசுக்குச் சரக்கு கொடுக்கும் ஒப்பந்தமோ, வேலை செய்யும் ஒப்பந்தமோ கையில் இருந்தால் தகுதியிழப்பு என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். சொத்தும் கடனும், மனைவி பேரில் இருப்பது உட்பட, வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

கே: ஓட்டுக்கு ஐந்நூறு கொடுத்தால் வாங்கலாமா? அவர் பணம்தானே? (நரிக்குடி)

ப: கூடாது. சட்டப்படி குற்றம். கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். 2022இல் நம் மாநிலச் சட்டமன்ற வேட்பாளருக்கு வைத்த செலவு வரம்பு 40 லட்சம். திருச்சுழித் தொகுதியில் வாக்காளர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். மைக், ஜீப், தோரணம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு இருபது ரூபாய்கூட வராது. மீதி நானூற்று எண்பது எந்தக் கணக்குப் புத்தகத்தில், எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது? நோட்டை நீட்டுகிறவரிடமே கேட்டு எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.