எனக்கு மூத்தவர்

கே: 'தி கிளைமேட் ஆஃப் ஊட்டி இஸ் கூலர் தேன் சென்னை' என்ற வாக்கியத்தைத் தப்பு என்கிறார்கள். எனக்குச் சரியாகத்தான் படுகிறது, ஐயா.

ப: தமிழ்க் காதுக்கு அப்படித்தான் படும். 'ஊட்டி கிளைமேட் சென்னையை விடக் குளிர்ச்சி' என்றால் வீட்டில் யாரும் தடுத்துக் கேட்கமாட்டார்கள். ஆங்கிலம் விடாது. ஒரு தட்டில் அரிசி, மறு தட்டில் அரிசிக் கடை என்று வைத்தால் எப்படி நிறுப்பது? கிளைமேட்டுக்கு எதிரே கிளைமேட்தான் நிற்க வேண்டும். 'தேன் தட் ஆஃப் சென்னை' என்று எழுதுங்கள். பன்மையானால் 'தோஸ் ஆஃப்'.

கே: எல்லாவற்றுக்கும் 'தேன்' போடுகிறோம். 'சீனியர்' மட்டும் ஏன் 'டு' கேட்கிறது?

ப: சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் நான்கும் லத்தீன் வழி வந்தவை. ஒப்பீட்டுப் பொருளை அங்கிருந்தே சுமந்து வந்துவிட்டன, தேன் ஒட்டாது. இதை மனப்பாடம் செய்து மாளாது. தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'அவர் எனக்கு மூத்தவர்.' 'எனக்கு' என்பதில் இருக்கிற அந்த 'கு'தான் ஆங்கிலத்து 'டு'. 'சீனியர் டு மீ'. நம் நான்காம் வேற்றுமை இந்த இடத்தில் இவ்வளவு அழகாகக் கைகொடுப்பதைக் கண்ட அன்று, நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன். அதற்குப் பிறகு இந்த இடத்தில் நான் தடுமாறியதே இல்லை. 'ப்ரிஃபர்' மட்டும் உஷார்: அதற்கும் 'டு'தான், ஆனால் 'காபியை விட' என்று தமிழ் வேறு பக்கம் இழுக்கும்.

கே: 'ரவி இஸ் டாலர் தேன் எனி பாய் இன் ஹிஸ் கிளாஸ்'?

ப: ரவியும் அந்த வகுப்பில்தானே இருக்கிறான்? இப்படி எழுதினால் அவன் தன்னை விடவும் உயரமாகிவிடுவான். 'எனி அதர் பாய்' என்று போடுங்கள். பக்கத்து வகுப்புப் பையன்களோடு ஒப்பிட்டால் 'அதர்' வேண்டாம்.

கே: 'லெஃப்ட் நோ ஸ்டோன்ஸ் அன்டர்ன்ட்' என்று எழுதி மதிப்பெண் போயிற்று. பல கற்கள்தானே?

ப: 'கற்களில் நார்கள் உரித்தான்' என்று யாராவது எழுதினால் ஒத்துக்கொள்வீர்களா? மரபுத்தொடர் எந்த மொழியிலும் பிறந்த உருவில்தான் நிற்கும். 'ஸ்டோன்', ஒரே கல்.

கே: 'கோப் அப் வித்', 'டிஸ்கஸ் அபவுட்' இரண்டுமே தப்பா?

ப: இரண்டுமே. 'கீப் அப் வித்' பழக்கத்தில் அந்த 'அப்' ஒட்டிக்கொண்டது. 'கோப் வித்' போதும். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்ற நம் 'பற்றி'தான் 'அபவுட்'டாகக் கூடவே வருகிறது. 'டிஸ்கஸ்' என்றால் அதை விட்டுவிடுங்கள். 'டாக்' என்றால் விடாதீர்கள்.